புரோட்டோகால் பஃபர்ஸ்: பல கோட்பேஸ்களுக்கு ஒரே வகை வரையறை

சர்வர் ஒரு மொழியிலும் மொபைல் செயலி வேறொரு மொழியிலும் எழுதப்படும் நிறுவனங்களில், ‘ஆர்டர்’ போன்ற ஒரே தரவு வகையை ஒவ்வொரு கோட்பேஸிலும் (நிரல் தொகுப்பிலும்) தனித்தனியே எழுதி வைப்பது காலப்போக்கில் முரண்பாட்டில்தான் முடிகிறது. கூகுள் 2008இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ், இதற்கு நான் மனதாரப் பரிந்துரைக்கும் கருவி. வரையறையை ஒரு கோப்பில் ஒருமுறை எழுதினால், ஜாவா, பைத்தான், கோ முதலிய மொழிகளுக்கான நிரலை, அந்தக் கோப்பைப் படிக்கும் கம்பைலரே உருவாக்கித் தருகிறது.

இதன் உண்மையான பலம் புல எண்களில், அதாவது வரையறையில் உள்ள ஒவ்வொரு புலத்துக்கும் (தரவின் ஒவ்வொரு கூறுக்கும்) நாம் தரும் எண்ணில் இருக்கிறது. தரவு அனுப்பப்படும் பைனரி வடிவில், மதிப்போடு புலத்தின் பெயர் செல்வதில்லை, அதன் எண்தான் செல்கிறது. ஆகவே புதிய புலம் ஒன்றைச் சேர்த்தாலும், இன்னும் புதுப்பிக்கப்படாத செயலி அதைத் தாண்டி மற்றவற்றைச் சரியாகப் படித்துக்கொள்ளும். நீக்கிய புலத்தின் எண்ணை ‘ரிசர்வ்டு’ என்று குறித்துவிட்டால், பின்னாளில் யாரேனும் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்த முயலும்போது கம்பைலர் பிழை காட்டித் தடுத்துவிடும். பெரிய குழுக்களுக்கு இது விலைமதிப்பற்ற பாதுகாப்பு.

குறைகளும் உண்டு. ஜேசனாக (இணையத்தில் பரவலாகப் பயன்படும் உரைவடிவத் தரவாக) மாற்றும்போது 64 பிட் முழு எண்கள் ஸ்ட்ரிங்காக, அதாவது எண்ணாக அல்லாமல் உரையாக வந்து நிற்பது, பிரவுசர் பக்கம் வேலை செய்பவர்களைக் குழப்பும். வகைகளைக் குறிப்பிட்டு எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான டைப்ஸ்கிரிப்டுக்கு வெளியார் உருவாக்கிய பிளக்இன் தேவைப்படுகிறது. சர்வர், செயலி என இரு பக்கமும் டைப்ஸ்கிரிப்ட் மட்டுமே என்றால், வகைகளை ஒரு என்பிஎம் பேக்கேஜாக (ஜாவாஸ்கிரிப்ட் உலகின் நிரல் பொதியாக) பகிர்வதே போதுமானது.