சாரத்துக்குள்ளா, தரைக் கயிற்றிலா?

நின்ற இடத்திலிருந்தே எழும்பும் விமானத்தை முதல்முறை எப்படிச் சோதிப்பது? பிரிட்டனில் இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள்.

1953 ஜூலையில் ஹக்னாலில் ரோல்ஸ் ராய்ஸின் ‘பறக்கும் கட்டில்’ ஒரு பெரிய இரும்புச் சாரத்துக்குள் எழும்பியது. இறக்கையே கிடையாது; இரண்டு நீன் ஜெட் எஞ்சின்கள், நான்கு கால்கள், உச்சியில் விமானிக்கு ஓர் இருக்கை. தடுமாறினால் கேபிள்கள் பிடித்துக்கொள்ளும். கட்டவிழ்த்துப் பறக்க 1954 ஆகஸ்ட் 3 வரை ஆனது.

டன்ஸ்ஃபோல்டில் ஹாக்கர் நிறுவனத்தின் சோதனை ஜெட் விமானமான பி.1127-க்குச் சாரம் கட்டவில்லை. பள்ளத்தின் மேல் இரும்புக் கம்பித்தளம் போட்டு, விமானத்தைத் தரையோடு பிணைத்தார்கள். 1960 அக்டோபர் 21 அன்று சோதனை விமானி பில் பெட்ஃபோர்ட் காலில் மாவுக்கட்டோடு ஏறி உட்கார்ந்தார். என்ன துணிச்சல்!

தரைக் கயிற்றில் ஒரு சிக்கல் உண்டு. அது இறுகும்போது விமானம் வெடுக்கென்று சாயும். அது தன் கையசைவாலா, கயிற்றின் இழுப்பாலா என்று விமானிக்குப் பிடிபடாது. அதனால் கயிற்றுக் கட்டத்தில் அதிக நாள் தங்கக் கூடாது. பி.1127 நவம்பர் 19 அன்றே கயிறு இல்லாமல் மிதந்தது.

கட்டுப்பாட்டு முறையே புதிது என்றால் நான் சாரத்தைத்தான் கேட்பேன். அந்த முறை ஓரளவு கைவந்துவிட்டால், சரி, கயிறு போதும்.