மலையாள வார்த்தை மனசுல ஒட்டணுமா: நோட்டா, கடையா, தூக்கமா?

கம்பத்துலேர்ந்து குமுளிக்கு வேலைக்கு வர்ற புதுப் பசங்க மலையாளம் சீக்கிரம் எப்படிண்ணே வரும்னு கேக்குறாய்ங்க, நான் காய்கறிக்கடைல நின்னு மூணு வழியும் பாத்தவன், அதனால சொல்றேன்.

ஒரே ராத்திரில அம்பது வார்த்தைய நோட்டுல எழுதி உருப்போடுறது மொத வழி. மறுநா காலைல ஞாபகம் இருக்கும், ஒரு வாரம் போனா பாத்ததும் "இது தெரியுமே"ன்னு தோணும், ஆனா வாயில வராது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் பாடப்பகுதி குடுத்து சோதிச்சாங்க, திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷத்துல வச்ச டெஸ்ட்ல முந்துனாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சதுல பாக்காம எழுதிப் பழகுனவங்கதான் முந்துனாங்க. நாளைக்கே இன்டர்வியூன்னா நோட்டு, மத்தபடி வேண்டாம்.

அடுத்தது கடை. ஒரு சேச்சிக்கு பச்சமொளகா அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன், "குறச்சு மதி"ன்னாங்க, வெலையக் குறைக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு "கட்டாது சேச்சி"ன்னுட்டேன். அவங்க விரலக் குவிச்சு கொஞ்சம் போதும்னு காட்டுனாங்க, அந்தக் கை இன்னும் கண்ணுலயே நிக்குது, வார்த்தையும் மறக்கல. ஆனா கடைல புழங்குறது அதே முப்பது நாப்பது வார்த்ததான், ஆஸ்பத்திரில போயி நின்னா முழிக்கணும்.

என் ஓட்டு மூணாவதுக்குத்தான்: படுக்குமுன்ன அஞ்சு வார்த்த, காலைல ஜீப்ல நோட்டப் பாக்காம சொல்லிப் பாக்குறது. டூமே, காஸ்கெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2007ல இங்கிலீஷ்ல இல்லாத வார்த்தைங்கள உண்டாக்கி ஒரு குரூப்புக்கு காலை 8 மணிக்கும் இன்னொண்ணுக்கு ராத்திரி 8 மணிக்கும் கத்துக்குடுத்தாங்க. 12 மணி நேரம் கழிச்சுப் பாத்தா, தூங்கி எந்திரிச்ச குரூப்புக்கு மட்டும் புது வார்த்த அதே மாதிரி ஒலிக்கிற பழைய வார்த்தையோட மோதி அந்தப் பழசக் காதுல கேட்டு அடையாளம் புடிக்கிறதக் கொஞ்சம் தாமதப்படுத்துச்சு, காலைல கத்தவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி தூங்குனப்புறம்தான் அது வந்துச்சு. வார்த்த தெரியுறது வேற, மனசுல இருக்குற பழைய வார்த்தைங்களோட இடத்துக்கு முட்டி மோதுறது வேற, மோதுனாத்தான் உள்ள குடியேறிருச்சுன்னு அர்த்தம். மூளைக்குள்ள ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி புதுச பட்டுனு புடிச்சு வச்சுக்குது, தூங்கறப்ப அது கார்டெக்ஸ்ங்கிற மூளையோட வெளி அடுக்குல பழசோட கோத்துக்குதுங்கிறதுதான் இதுக்குச் சொல்ற விளக்கம்.

எனக்கு அது "வெள்ளம்"ங்கிற வார்த்தைல தெரிஞ்சுச்சு. மலையாளத்துல வெள்ளம்னா வெறும் தண்ணி. ஒரு மழைக்காலத்துல வீட்டுல அம்மா "முல்லப்பெரியாத்துல வெள்ளமாம்டா"ன்னு சொல்றாங்க, ஆத்துல தண்ணி இருக்கத்தானம்மா செய்யும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.