கிளாஸா, யூடியூபா, வீட்டுத் தரையா?

எங்கள் வீட்டிலிருந்து சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பத்து நிமிட நடை. மகள் மூணாம் வகுப்பு. ஆறு மாசம் டிராயிங் கிளாஸ் போனவளிடம், "உனக்குப் பிடிச்சதை வரைடி" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். ரெண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை, ஒரு குடிசை. சூரியன் கடலிலிருந்து கிளம்புகிற ஊர் இது. மலையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

கிளாஸ் மாசம் 500 ரூபாய், சனி ஞாயிறு ஒவ்வொரு மணி நேரம். சார் போர்டில் வரைவார், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். கலர் கோட்டைத் தாண்டினால் திட்டு. கூட்டிவரப் போனபோது நாலைந்து நோட்டைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே மயில், அதே பக்கம் பார்த்தபடி. முழுசாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பென்சிலை அழுத்தாமல் பிடிக்கவும், ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவும் அங்கேதான் பழகினாள்.

யூடியூப் செலவில்லாதது. ரெண்டாம் எண்ணை வாத்தாக்குகிற வீடியோவில் என் ஆறு வயசுப் பையன் ஒரு வாரம் கிடந்தான். வாத்து வந்தது; அடுத்த வாரம் வீடியோ இல்லாமல் அதுவும் வரவில்லை.

ஸ்கூலில் சொல்லித் தர மாட்டார்களா என்று கேட்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஓவியத்துக்கான பகுதிநேர ஆசிரியர் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒண்ணு முதல் அஞ்சு வரை, கணக்கும் தமிழும் எடுக்கிற அதே டீச்சர் நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிச்சம் இருப்பது வீடு. ஒரு ஞாயிறு, வாங்கி வந்த சங்கரா மீனில் ஒன்றைக் கழுவாமல் தட்டில் வைத்தேன். மகள் முதலில் வரைந்தது கிளாஸ் மீன்: இலை மாதிரி உடம்பு, முக்கோண வால், சிரிக்கிற வாய். "இந்த மீன் சிரிக்குதா பாரு" என்றேன். குனிந்து பார்த்தாள். ரெண்டாவது படத்தில் வாய் கீழே இறங்கியது, முதுகுத் துடுப்பு சீப்பு மாதிரி முள்முள்ளாக நின்றது. மூணாவதில், "ம்மா, முதுகுல இருக்கிற சிவப்பு வயித்துல இல்லம்மா" என்று ஆயில் பேஸ்டலை விரலால் தேய்த்து வெளுப்பாக்கினாள். யாரும் ஷேடிங் என்று சொல்லித் தரவில்லை. (ஸ்கெட்ச் பேனாவில் இது நடக்காது. தேய்த்தால் தாள்தான் கிழியும்.)

பையன் மீனைத் திரும்பியும் பார்க்காமல் மீன்பிடி லாஞ்சு வரைந்தான். வெளியிலிருந்தே உள்ளே இருக்கிற ஐஸ், மீன், இன்ஜின், சோறு பொங்குகிற ஆள் எல்லாம் தெரிகிறது. கிளாஸில் இது ரப்பருக்குப் போயிருக்கும். குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், இந்த வயசுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததை வரைவார்கள் என்கிறார். ஒன்பது வயசு வாக்கில்தான் "நிஜம் மாதிரி வரலையே" என்கிற கவலை பிடிக்கும்.

வீட்டுக்கும் குறை உண்டு. எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான், அந்த மீன் குழம்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது, சுவரில் பட்ட பேஸ்டல் இன்னும் போகவில்லை.

ஆனாலும் என் கணக்கில் எட்டு வயசு வரை வீடுதான். கிளாஸ் காசில் ஆயில் பேஸ்டலும் பழுப்புத் தாளும் வாங்கலாம். ஒரு ஞாயிறு, 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் உட்கார வைத்துத் தூண்களை எண்ணி வரையச் சொல்லலாம். இன்னொரு ஞாயிறு, வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி எழும்பூர் மியூசியம் போகலாம் (வெள்ளிக்கிழமை லீவு). "சரியா வரலம்மா" என்று பிள்ளையே அழுகிற அன்றைக்குக் கிளாஸ் தேடுங்கள். சேர்க்கும் முன் ரெண்டு பிள்ளைகளின் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டிலும் ஒரே மயில் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மகளை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். லாஞ்சு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. சோறு பொங்குகிறவருக்குக் கால் வரைய மறந்துவிட்டதாம், நேற்றுதான் நாற்காலி போட்டு ஏறி வரைந்தான்.