ஜிசிசி 15: பழைய ஹெடர் வைத்திருப்பவர்கள் மாறலாமா?

மணலி, மாதவரம் பக்கம் லாரி எடைமேடைக்கு சி-யில் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவர்கள், பழைய லைப்ரரி ஹெடர்களை (லைப்ரரியில் உள்ள டைப், ஃபங்ஷன் விவரங்களைச் சொல்லும் கோப்புகள்) இன்னும் விடாமல் வைத்திருந்தால் இது அவர்களுக்கு. ஜிசிசி என்ற சி கம்பைலரின் 15-ஆம் பதிப்புக்கு மாறலாம். ஆனால் முதல் நாளே ஹெடரில் கை வைக்காதீர்கள்.

2025 ஏப்ரலில் வந்த இந்தப் பதிப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜிஎன்யு23 விதிப்படி (சி மொழியின் சி23 தரம், கூடவே ஜிஎன்யு சேர்ப்புகள்) கம்பைல் செய்கிறது. 14 வரை ஜிஎன்யு17. சி23-இல் பூல், ட்ரூ, ஃபால்ஸ், நல்பிடிஆர் எல்லாம் கீவேர்டு, அதாவது நாம் வேறு எதற்கும் பெயராக வைக்க முடியாத சொல். அதனால் இன்ட்டுக்கு பூல் என்று பெயர் வைக்கும் 'டைப்டெஃப் இன்ட் பூல்' என்ற பழைய ஹெடர் வரியிலேயே நின்றுவிடும். பிழைச்செய்தி அருமை: வரி எண்ணோடு, பூல் சி23 முதல் கீவேர்டு என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது.

ஆபத்து அதற்கப்புறம்தான். அந்த வரியை அழித்தால் எரர் போய்விடும், கம்பைல் ஆகிவிடும். ஆனால் பழைய பூல் 4 பைட், புதியது 1 பைட். இரண்டு பூல், அடுத்து எடைக்கு ஒரு இன்ட் உள்ள ஸ்ட்ரக்ட் 12 பைட்டாக இருந்தது 8 ஆகிவிடும். ஏற்கெனவே கம்பைல் செய்த லைப்ரரி எடையை (0-இலிருந்து எண்ணினால்) 8-வது பைட்டில் எழுதும்; புது புரோகிராம் 4-வது பைட்டில் படிக்கும். அங்கே இருப்பது இரண்டாவது பூல். மேடையில் லோடு லாரி நிற்க, திரையில் எடை 0 அல்லது 1 என்று வரும். போதாததற்கு லைப்ரரி எழுதும் மிச்ச 4 பைட் பக்கத்து வேரியபிளை அழிக்கும். இதற்கு ஜிசிசி ஒரு வார்த்தைகூட எச்சரிக்காது. பெரிய குறை என்றே சொல்வேன்.

ஆகவே கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் முதலில், பழைய விதியையே கேட்கும் -எஸ்டிடி=ஜிஎன்யு17 போட்டு வேலையை ஓட விடுங்கள். பிறகு ஹெடரில் பூல் வரும் இடமெல்லாம் நேராக இன்ட் என்று மாற்றுங்கள். ஸ்ட்ரக்டுக்குக் கீழே _ஸ்டேட்டிக்_அசெர்ட் போட்டு சைஸ்ஆஃப் 12 என்று பூட்டிவிடுங்கள். அளவு மாறினால் கம்பைலே ஆகாது. கீவேர்டு மோதினாலும் அளவை மாற்றாததற்கு உதாரணமாக, எக்ஸ் விண்டோ லைப்ரரியான எக்ஸ்லிப்பின் ஹெடரைப் பாருங்கள்: கிளாஸ் என்ற உறுப்பு சி++-இல் கீவேர்டு என்பதால் அங்கே மட்டும் சி_கிளாஸ் என்று பெயர். பெயர்தான் வேறு, இன்ட் இன்ட்டாகவே இருக்கிறது.

இன்னொன்று, கால்பேக்கை (லைப்ரரி திருப்பி அழைக்க நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) அறிவிக்கும் இடத்தில் வெறும் () இருந்தால் இனி ஆர்குமென்டே இல்லை என்று அர்த்தம். கொடுத்தால் எரர். அடைப்புக்குள் டைப்பை எழுதிவிடுங்கள், ஜிஎன்யு17-லும் அது ஓடும்.