வெளி வீதிகளைத் தாண்டிய மதுரை

ஒரு சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் சிங்கப்பூரிலிருந்தே எடுத்துவிட முடிந்தது. ஆனால், மதுரையில் உள்ள குடும்ப வீட்டின் பட்டாவை அம்மாவின் பெயருக்கு மாற்ற நேரில்தான் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில்தான் ஊர் எவ்வளவு விரிந்துவிட்டது என்பது புரிந்தது.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் உருவானவை வெளி வீதிகள். அவற்றுக்குள் ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று நடந்தே காய்கறி, துணி, மருந்து வாங்கிக்கொண்டு பேருந்தும் ஏறிவிடலாம் என்பதுதான் அம்மா பழகிய மதுரை. இன்று காய்கறிச் சந்தையும் வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவையும் வைகைக்கு வடக்கே மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டன. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களைத் தடுத்திருப்பது நடப்பவர்களுக்கு வசதிதான் என்றாலும், முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சோதனை.

சந்தையைப் போலவே அலுவலகங்களும் வடக்கே நகர்ந்தன; அதற்கு ஒரு முக்கியக் காரணம் நிலம். நெருக்கமான பழைய நகருக்குள் பெரிய கட்டடத்துக்கு இடமில்லை. அரசின் கையில் விலையின்றிக் கிடைத்தவை கண்மாய்ப் புறம்போக்குகள், அதாவது ஏரிகளுக்குரிய அரசு நிலங்கள். மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளம் கண்மாயிலும், 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயிலும் எழுந்தன. ஒரு கண்மாய் நிரம்பி அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்த நீருக்கு இப்போது தெருக்களே வழி. மழைக்காலத்தில் இப்பகுதியில் வேலை வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

பட்டா விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்த பின்னும், நில அளவையர் வரும் நாளைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போக நேர்ந்தது; கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்ல அங்கு யாருமில்லை. அதற்கு நேர்மாறாக, 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் அம்மாவால் எல்லா இடத்துக்கும் வர முடிந்தது.

2023இல் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஊரைக் கடப்பவர்களுக்கு அது உதவும், கீழே கடை வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அதே ஆண்டில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், அளவையருக்காகக் காத்திருந்த பகல்களைக் குளிர்சாதன வசதியோடு கழிக்க முடிந்தது.