எண்டோஸ்கோப்பிக்கு மிடசோலமா, புரோபோஃபோலா?

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வேலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காலையில் வந்து மதியம் வீடு திரும்புகிறவருக்கு அதன் பிறகு எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதுதான் கேள்வி. மயக்க மருந்து கொடுக்கிறவனாக அதை வைத்தே பார்க்கிறேன். மிடசோலம், புரோபோஃபோல் என்ற இரண்டு மயக்க ஊசிகளில் நான் புரோபோஃபோல் பக்கம்.

மிடசோலம் மோசமான மருந்து இல்லை. நரம்பில் மெதுவாக ஏற்றினால் சில நிமிடங்களில் பதற்றம் அடங்கும், பாதித் தூக்கத்தில் இருப்பார், விலையும் குறைவு. வயதானவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆகவேண்டும். சிக்கல் அதன் பிறகுதான். கண் திறந்து உட்கார்ந்திருப்பார், டாக்டர் ரிப்போர்ட்டை விளக்கும்போது தலையாட்டுவார், கேள்விகூடக் கேட்பார். வீட்டுக்குப் போனதும் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்பார். ஊசி போட்ட பிறகு நடப்பதை மனதில் பதியவிடாமல் செய்வது இந்த மருந்தின் குணம். முறிக்க ஃப்ளுமாசெனில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மிடசோலத்துக்கு முன்பே உடம்பை விட்டுப் போய்விடக்கூடும்; தெளிந்தவர் திரும்பவும் சொக்கலாம். அதைப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது.

புரோபோஃபோல் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கை எரியும். ஒரு நிமிடத்துக்குள் தூங்கிவிடுவார். மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் வேகமாக இறங்கிவிடுவதால், நிறுத்திய சில நிமிடங்களில் பேசுவார். பெரும்பாலும் தெளிவான பேச்சு.

இதற்கு விலை உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும். மருந்தின் அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நிற்கலாம், முறிப்பு மருந்து கிடையாது. அதனால் மூச்சை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒரு மயக்க மருந்து நிபுணர், ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், சக்‌ஷன் எல்லாம் பக்கத்தில் வேண்டும். எண்டோஸ்கோப்பி பார்ப்பவரும் ஒரு நர்ஸும் மட்டுமே உள்ள இடத்தில் புரோபோஃபோல் வேண்டவே வேண்டாம், அங்கே மிடசோலம்தான். ரத்த வாந்தியோடு வருகிறவர் இந்த ஒப்பீட்டிலேயே வரமாட்டார், அது வேறு கணக்கு.

ரெமிமசோலம் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிடசோலத்தின் இனம், ஆனால் உடம்பில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஃப்ளுமாசெனிலுக்கும் கட்டுப்படும். காகிதத்தில் அருமை. என் கைப்பழக்கம் குறைவு, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

ஊசியே வேண்டாம், தொண்டைக்கு லிக்னோகைன் ஸ்பிரே போதும் என்பவர்கள் தாராளமாக முயலலாம். கொஞ்சம் குமட்டும், ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் வந்து போகலாம். தொண்டை மரத்திருக்கும்வரை காபியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

புரோபோஃபோலில் ஒரு தொல்லை: எழுந்த வேகத்தில் "நல்லாத்தானே இருக்கேன், பைக்கை நானே எடுக்கிறேன்" என்பார்கள். 24 மணி நேரத்துக்கு வண்டியும் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் கூடாது. நான் கூட வந்தவரிடமே சொல்லிவிடுவேன், "சாவியை நீங்க வச்சுக்குங்க."