தந்தை பெயர் எழுதப்படாத முன்னோரைத் தேட: டி.என்.ஏ. பெயின்டர் கருவி பற்றிய மதிப்பீடு

டி.என்.ஏ. பெயின்டர் எச்சில் மாதிரியை வாங்கிச் சோதிக்கும் நிறுவனம் அன்று. வேறிடத்தில் சோதனை செய்துகொண்ட இருவருக்கிடையே எத்தனை சென்டிமார்கன் (பகிர்ந்துள்ள டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) அளவு டி.என்.ஏ. பொதுவாக உள்ளது என்ற எண்ணைக் கொடுத்தால், அவர்கள் எந்தெந்த உறவினராக இருக்கக்கூடும் என்பதை நிகழ்தகவோடு பட்டியலிட்டுக் காட்டும் இணையதளம் இது. ஜானி பெர்ல் உருவாக்கிய இத்தளத்தின் உறவுப் பட்டியல், பிளெய்ன் பெட்டிங்கர் பலரிடமிருந்தும் திரட்டிய பல்லாயிரம் அளவுகளின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டது. அந்தப் பட்டியலை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். முன்னோர் ஒருவரின் தந்தை யார் எனத் தெரியாத குடும்பங்களுக்கு அதைவிடப் பயன்படுவது, பொருத்தங்களை, அதாவது நம்மோடு டி.என்.ஏ. பகிர்வதாகச் சோதனை காட்டியவர்களை, ஒரு வம்ச மரத்தில் வைத்து, ‘இவர் இந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால்’, ‘அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால்’ என்று ஒவ்வோர் ஊகத்துக்கும் மதிப்பெண் தரும் பகுதிதான்.

என் தாயாரைப் பெற்ற பாட்டி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பங்கு (கத்தோலிக்கத் தேவாலய ஆட்சிப்பகுதி) ஒன்றில் 1920-களில் ஞானஸ்நானம் பெற்றவர். பதிவேட்டில் அவருடைய தாயின் பெயரும் ஞானப்பெற்றோரின் பெயர்களும் தெளிவாக உள்ளன. தந்தைக்குரிய இடத்தில், தந்தை அறியப்படாதவர் என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் மட்டும் உள்ளன. அதை எழுதிய குருவானவரைக் குறை சொல்வதற்கில்லை. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் தந்தை தாமாக எழுத்திலோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்டுக்கொண்டாலோ, அதிகாரபூர்வ ஆவணம் ஒன்று இருந்தாலோ அன்றி அவர் பெயரை எழுதலாகாது என்பது அன்று நடைமுறையில் இருந்த 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 777-ஆம் விதி. ஊரார் அறிந்த பெயரும்கூட ஏட்டில் ஏறாமல் போனது அதனால்தான். எனவே ஏடு முடிந்த இடத்திலிருந்து டி.என்.ஏ.வின் துணை தேவைப்படுகிறது.

ஆனால் நம் மாவட்டத்தில் தந்தை பெயர் விடுபட்ட ஆவணம் ஒவ்வொன்றையும் இப்படிப் படிக்கலாகாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம் வரும்வரை சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் மருமக்கள் வழியே நடைமுறையில் இருந்ததால், பழைய சொத்து ஆவணங்களில் தாய்மாமனான காரணவரின் (குடும்பத் தலைவரின்) பெயர் முன்னிற்பதும் தகப்பன் பெயர் இல்லாமலிருப்பதும் இயல்பு. இப்பகுதியின் பழைய ஆவணங்களில் வழங்கும் கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றும்போதும் கவனம் வேண்டும்: ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824-ஐயும், பின்வரும் மாதங்களுக்கு 825-ஐயும் கூட்டவேண்டும். இதில் ஓராண்டு பிசகினால், முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளையும் மணத்துக்கு முன் பிறந்ததாகத் தோன்றிவிடும். இவற்றைச் சரிபார்த்த பிறகே கருவியைத் திறப்பது நல்லது.

கருவியின் எண்கள் நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே என் முதன்மையான கேள்வி. முதல் நிலை ஒன்றுவிட்ட உறவினர், அதாவது ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள், சராசரியாக 866 சென்டிமார்கன் பகிர்கின்றனர். தாத்தா மட்டும் ஒருவராக இருந்து பாட்டிமார் வேறானால் சராசரி 449. ஒரே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி உள்ள இரண்டாம் நிலை ஒன்றுவிட்டவர்களுக்கு 229. இந்தச் சராசரிகள் இருவருக்கும் இடையே ஒரே வழியில்தான் உறவு உண்டு என்று கொள்பவை. அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த ஊரில் அந்த அடிப்படை நிலைக்காது.

என் தாயாருக்குக் கிடைத்த பொருத்தங்களில் ஒன்று 350 சென்டிமார்கன். அந்த எண்ணை மட்டும் கொடுத்தபோது, பாதி உறவுள்ள (தாத்தா மட்டும் ஒருவரான) ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்பதும் கருவி முதல் வரிசையில் காட்டிய உறவுகளுள் ஒன்று; அதை நம்பினால் பாட்டியின் அறியப்படாத தந்தை அந்தப் பொருத்தமானவரின் வீட்டைச் சேர்ந்தவர் என்றாகிவிடும். பங்கின் திருமணப் பதிவேட்டைப் புரட்டியபோது வேறு விளக்கம் கிடைத்தது. இரத்த உறவுக்குள் மணம் செய்யத் திருச்சபை தந்த விதிவிலக்குகள் உறவின் படிநிலையோடு அதில் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றின்படி அந்தப் பொருத்தம் தாயாருக்கு ஒரு வழியில் இரண்டாம் நிலை ஒன்றுவிட்டவர், இன்னொரு வழியில் அதற்கும் ஒரு தலைமுறை தள்ளியவர். சராசரிகள் 229-உம் 122-உம் சேர்ந்தால் 351. தெரியாத தந்தையை இழுத்துவராமலேயே அந்த எண் முழுவதும் விளங்கிவிட்டது. கடற்கரை ஊர்க் குடும்பங்களில் இக்கருவியைப் பயன்படுத்துவோர் விதிவிலக்குக் குறிப்புகளை முதலில் படித்தே தீரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேர்மாறாக, தந்தை வேறு சமூகத்தவராகவோ அயல்நாட்டவராகவோ இருந்தால் அவர் பக்கப் பொருத்தங்கள் தாய்வழியோடு கலக்காமல் தனித்து நிற்கும். அங்கே கருவி சொல்வதை இன்னும் அதிகமாக நம்பலாம்.

யாரைச் சோதிப்பது என்பதும் முடிவை மாற்றுகிறது. மேற்சொன்ன 449 என்ற சராசரி, தாயாருக்குப் பதில் என்னைச் சோதித்திருந்தால் 224 ஆகக் குறைந்து, தொலைவான உறவுகளோடு கலந்துவிடும். ஆகவே வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, அவர்கள் மனமொப்பினால் மட்டும், சோதனையை முடித்துவிடவேண்டும். பொருத்தமாக வருபவருக்கு அவர் தாத்தாவைப் பற்றிய செய்தி அதிர்ச்சியாக இருக்கலாம். கருவி தந்த மதிப்பெண்ணை முதல் கடிதத்திலேயே அவருக்கு அனுப்புவது முறையாகாது.

தளம் தமிழில் இல்லை; அடிப்படைக்கு மேற்பட்ட வசதிகள் சந்தாதாரர்களுக்கே. இவை பெரிய தடைகளாக எனக்குப் படவில்லை. கருவியின் திறமை மிகத் தெளிவாக வெளிப்படுவது, தேடல் அண்ணன் தம்பி இருவரில் வந்து நிற்கும்போதுதான். அண்ணனே தந்தை என்றால் அவருடைய பேரன் என் தாயாரோடு 449-ஐ ஒட்டியும், தம்பி என்றால் அதே பேரன் 229-ஐ ஒட்டியும் பகிரவேண்டும். இரு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொருவர் சம்மதித்துச் சோதித்து, வேறு வழி உறவு இல்லை என்பதும் பதிவேட்டில் உறுதிப்பட்டால், வாய்மொழிச் செய்திகளால் பிரிக்க முடியாத இருவரையும் இக்கருவி பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.